மூலப்பொருள் மலிவாகும்போதுதான் எனக்குக் கவலை

பேட்டரிகளுக்குத் தேவையான லித்தியமோ நிக்கலோ விலை ஏறினால் போதும், 'தட்டுப்பாடு' என்று தலைப்புச் செய்தி வந்துவிடுகிறது. விலை இறங்கினால் பேச்சே இல்லை. ஆனால் நாளைய தட்டுப்பாட்டுக்கான வேலை நடப்பது அந்த அமைதியான காலத்தில்தான்.

2010-இல், ஜப்பானும் சீனாவும் உரிமை கோரும் சென்காகு தீவுகள் அருகே சீன மீன்பிடிப் படகு ஜப்பானியக் கடலோரக் காவல் கப்பல்களோடு மோதியது. அதற்குப் பிறகு, காந்தங்களுக்கும் மின்னணுப் பொருட்களுக்கும் தேவையான அரியமண் தனிமங்கள் சீனாவிலிருந்து ஜப்பானுக்குப் போவது தடைப்பட்டது. அப்போது உலக உற்பத்தியில் 90 சதவீதத்துக்கும் மேல் சீனாவிடம் இருந்தது. 2011-இல் விலை பல மடங்கு எகிறியது. அதை நம்பி அமெரிக்காவின் மோலிகார்ப் நிறுவனம், கலிபோர்னியாவில் உள்ள மவுன்டன் பாஸ் அரியமண் சுரங்கத்தில் பெரும் பணத்தைக் கொட்டியது. விலை சரிந்ததும் வாங்குபவர்கள் மலிவான சீனச் சரக்குக்கே திரும்பினார்கள். 2015-இல் மோலிகார்ப் திவால்.

அடிபட்ட ஜப்பான் வேறு வழியில் போனது. ஜோக்மெக் என்ற அரசு அமைப்பும் சோஜிட்ஸ் வணிக நிறுவனமும் 2011-இல் ஆஸ்திரேலியாவின் அரியமண் நிறுவனமான லைனாஸுக்குப் பணம் கொடுத்தன. விலை விழுந்து லைனாஸ் தள்ளாடியபோது, 2016-இல் வட்டியைக் குறைத்து, கடனைக் கட்டக் கூடுதல் காலமும் கொடுத்தார்கள். இன்று சீனாவுக்கு வெளியே அரியமண் தனிமங்களைப் பிரித்தெடுக்கும் முக்கியமான நிறுவனம் லைனாஸ். அந்தப் பொறுமையைத்தான் நான் விநியோகப் பாதுகாப்பு என்பேன்.

'விலை ஏறினால் உற்பத்தி தானாக வரும்' என்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். புதிய சுரங்கம் ஒன்று உற்பத்திக்கு வரப் பத்து வருடங்களுக்கு மேலும் ஆகலாம். அதற்குள் விலை தலைகீழாகிவிடும். சீனச் சந்தையில் 2022 இறுதியில் டன் ஆறு லட்சம் யுவானை நெருங்கிய லித்தியம் கார்பனேட், ஒரே வருடத்தில் ஒரு லட்சம் யுவான் அளவுக்கு விழுந்தது. அப்புறம் மின்னணுச் சில்லுகளில் பயன்படும் காலியம் என்ற உலோகம் இருக்கிறது. அது பெரும்பாலும் அலுமினியத் தொழிலின் துணைப்பொருள். காலியம் விலை ஏறியது என்பதற்காக யாரும் அலுமினியத் தாதுவான பாக்சைட்டைக் கூடுதலாக வெட்ட மாட்டார்கள்.

நிக்கலிலும் இதுதான் நடக்கிறது. 2020-இல் தாது ஏற்றுமதியைத் தடை செய்த இந்தோனேசியா, உள்நாட்டிலேயே ஆலைகளைப் பெருக்கி உலக உற்பத்தியில் பாதிக்கும் மேல் பிடித்துவிட்டது. விலை விழுந்தது, 2024-இல் பிஎச்பி என்ற பெரிய சுரங்க நிறுவனம் தன் ஆஸ்திரேலிய நிக்கல் பிரிவை நிறுத்தியது. மலிவாகக் கிடைக்கிறதே என்று எல்லோருக்கும் நிம்மதி. எனக்கு இது மோலிகார்ப் கதை மறுபடி நடப்பது போலத்தான் தெரிகிறது.

முக்கிய மூலப்பொருள் எதிலும் 2030-க்குள் ஒரே வெளிநாட்டை 65 சதவீதத்துக்கு மேல் சார்ந்திருக்கக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் இலக்கு வைத்தது. சரி, விலை குறைவான வருடங்களில் மாற்றுச் சுரங்கங்களைத் தாங்கிப் பிடிக்கும் கூடுதல் செலவை யார் ஏற்பது? 2025 ஜூலையில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை மவுன்டன் பாஸின் இன்றைய உரிமையாளரான எம்பி மெட்டீரியல்ஸுடன் ஒப்பந்தம் போட்டு, காந்தங்களுக்கான அரியமண் தனிமங்களான நியோடிமியம்-பிரசியோடிமியத்துக்குக் கிலோ 110 டாலர் குறைந்தபட்ச விலையைப் பத்து ஆண்டுகளுக்கு உறுதி செய்தது. சந்தை விலை அதற்குக் கீழே போனால் வித்தியாசத்தை அரசு கொடுக்கும். மக்கள் பணத்தைத் தனியாருக்குக் கொடுக்கலாமா என்ற கேள்வி நியாயமானது. விலை ஏறும்போது லாபத்தில் அரசுக்கும் பங்கு வர வேண்டும் என்பது என் நிபந்தனை. அதோடு, அந்தப் பொருளை வாங்கும் கார் நிறுவனங்களும் மின்னணு நிறுவனங்களும் நீண்டகாலக் கொள்முதல் ஒப்பந்தம் போட்டுச் சுமையில் ஒரு பகுதியை ஏற்க வேண்டும்.