ஷெங்கன் 90 நாள்: வெளியே போய் வந்தால் புதிதாகத் தொடங்காது

ஐரோப்பாவில் தனியாக நீண்ட நாள் சுற்ற நினைப்பவர்களுக்கு ஒருவர் ஒரு யோசனை சொல்லியிருக்கிறார்: ஷெங்கன் பகுதியில் (தங்களுக்குள் பொதுவாக எல்லைச் சோதனை இல்லாத 29 ஐரோப்பிய நாடுகள்) 90 நாள் முடிந்ததும் இஸ்தான்புல்லுக்கோ லண்டனுக்கோ ஒருமுறை போய்விட்டுத் திரும்பினால் மறுபடியும் 90 நாள் கிடைக்கும் என்று. நல்லெண்ணத்தில்தான் எழுதியிருப்பார், ஆனால் விதி அப்படி இல்லை.

எந்த 180 நாளை எடுத்தாலும் அதில் 90 நாளுக்கு மேல் தங்கக் கூடாது என்பதே விதி. 29 நாடுகளுக்கும் சேர்த்து ஒரே கணக்கு. வெளியே போனால் எண்ணிக்கை நிற்கும், அவ்வளவுதான், பூஜ்யத்துக்குத் திரும்பாது. பலமுறை நுழைய அனுமதிக்கும் 'மல்டிபிள் என்ட்ரி' விசா ஓராண்டுக்குச் செல்லுபடியானாலும் இதே வரம்புதான்.

சரிபார்ப்பது எளிது. நீங்கள் அங்கே இருக்கப்போகும் ஒரு நாளை எடுத்துக்கொண்டு, அதையும் சேர்த்துப் பின்னோக்கி 180 நாள் எண்ணுங்கள். அதற்குள் உள்ளே இருந்த நாட்களைக் கூட்டுங்கள். நுழைந்த நாள், கிளம்பிய நாள் இரண்டும் கணக்கில் வரும், பலர் சறுக்குவது இங்கேதான். உதாரணமாக, 2026 ஜனவரி 1 முதல் மார்ச் 31 வரை தொடர்ந்து தங்கினால் 90 நாள் தீர்ந்துவிடும். மறுபடி நுழைய ஜூன் 30 வரை காத்திருக்க வேண்டும். கையால் எண்ணப் பொறுமை இல்லையென்றால், ஐரோப்பிய ஆணையத்தின் இணையதளத்திலேயே இலவசக் கணிப்பான் இருக்கிறது. நுழைந்த, கிளம்பிய தேதிகளைப் போட்டுப் பாருங்கள். அப்புறம் டிக்கெட் எடுக்கலாம்.