குர்திஸ்தான் தனி நாடாகிவிட்டதா?

"2017 வாக்கெடுப்போடு ஈராக்கின் குர்திஸ்தான் தனி நாடாகிவிட்டது; அரபுகளை அடியோடு விரட்டிவிட்டார்கள்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி தவறு. குர்திஸ்தான் என்பது வடக்கு ஈராக்கில் குர்து இன மக்கள் பெரும்பான்மையாக வாழும் பகுதி.

செப்டம்பர் 25 அன்று வாக்களித்தவர்களில் 92 விழுக்காட்டுக்கு மேல் தனி நாடு கேட்டது உண்மை. பாக்தாத் ஏற்கவில்லை. அக்டோபரில் ஈராக் படை, குர்துகள் வசமிருந்த கிர்குக் நகரைக் கைப்பற்றியது. நவம்பரில் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் வாக்கெடுப்பு செல்லாது என்றது. குர்திஸ்தான் தலைநகர் எர்பிலில் இருப்பது 2005 அரசமைப்பின்கீழ் இயங்கும் தன்னாட்சி அரசுதான்.

அரபுகள் விஷயத்தை இன்னும் கவனமாகப் பேச வேண்டும். ஐஎஸ் (இஸ்லாமிய அரசு) தீவிரவாத அமைப்புடனான போரில் மொசூல், அன்பார் பகுதிகளிலிருந்து தப்பிவந்த லட்சக்கணக்கானோருக்கு, அரபுகள் உட்பட, குர்திஸ்தானில்தான் புகலிடம் கிடைத்தது. அதே காலத்தில் கிர்குக், நினிவேயில் குர்துப் படையினர் அரபு வீடுகளை இடித்ததை மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்துள்ளன. அதையும் மறைக்கக் கூடாது. சதாம் ஆட்சி குர்துகளை வெளியேற்றி அரபுகளைக் குடியேற்றிய பகுதிகளும் இவற்றில் உண்டு.