எந்த வால்வு என்று கேட்காதீர்கள், எந்த டிரான்ஸ்ஃபார்மர் என்று கேளுங்கள்

பழைய ரேடியோக்களில் இருந்த கண்ணாடி வால்வுகளை வைத்து ஒலியைப் பெருக்கும் வால்வு ஆம்ப்ளிஃபயரை வீட்டிலேயே கட்ட வேண்டும் என்ற ஆசையோடு என்னிடம் பேச வருபவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: "எந்த வால்வு வாங்கலாம்?" அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி என்பது என் கருத்து. இப்படிச் சொன்னால் சிலருக்கு ஏமாற்றமாக இருக்கிறது. இருட்டில் செம்மஞ்சளாக எரியும் அந்தக் கண்ணாடிக் குழாயைப் பார்த்துத்தானே எல்லோரும் இந்தப் பைத்தியத்தில் விழுகிறோம். நானும் அப்படித்தான் விழுந்தேன்.

நான் கட்டியது சிங்கிள் எண்டட் வகை. அதாவது, ஒலி அலையின் மேல் பாதியையும் கீழ்ப் பாதியையும் ஒரே வால்வு சுமக்கும் அமைப்பு. புஷ் புல் அமைப்பில் இரண்டு வால்வுகள் வேலையைப் பங்கிட்டுக்கொள்கின்றன. பங்காளி இல்லாத ஒற்றை வால்வு, பாட்டு ஓடினாலும் ஓடாவிட்டாலும் முழு மின்னோட்டத்தையும் இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கு நான் எடுத்துக்கொண்டது இஎல் 84 என்ற வால்வு. அதன் டேட்டா ஷீட்டில் உள்ளபடி 250 வோல்ட்டில் 48 மில்லி ஆம்பியர் ஓடும். வெப்பமாகும் 12 வாட்டுக்குப் பதிலாகக் கிடைக்கும் ஒலி 5.7 வாட், அதுவும் 10 சதவீதத் திரிபோடு, அதாவது மூல ஒலியில் இல்லாத கலப்போடு. ஸ்டீரியோவாகக் கட்டினால், வால்வைச் சூடாக்கும் ஹீட்டர்களையும் சேர்த்துச் சுமார் 45 வாட் எந்நேரமும் எரியும். சென்னையின் மே மாத இரவில் இதைப் போட்டுக்கொண்டு பாட்டுக் கேட்க உட்கார்ந்தால் ஃபேனை ஒரு புள்ளி கூட்ட வேண்டியிருக்கிறது. பிறகு அந்த ஃபேன் இரைச்சலைத் தாண்டிக் கேட்க வால்யூமையும் கூட்ட வேண்டியிருக்கிறது.

வெப்பத்தையாவது பொறுத்துக்கொள்ளலாம். உண்மையான சிக்கல் அந்த 48 மில்லி ஆம்பியர் நேர்மின்னோட்டம் வால்வையும் ஸ்பீக்கரையும் இணைக்கும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரி (வால்வுப் பக்கக் கம்பிச்சுருள்) வழியாகப் போவதில்தான் இருக்கிறது. புஷ் புல்லில் இரு பக்க மின்னோட்டமும் எதிரெதிராக ஓடி, இரும்புக்குள் ஒன்றையொன்று அழித்துவிடும். சிங்கிள் எண்டட்டில் அழிக்க ஆள் இல்லை. இரும்பு ஒரே பக்கமாகக் காந்தமேறி, இசை வந்து சேரும் முன்பே நிறைந்துவிடுகிறது. அதனால்தான் இதன் கோரில், அதாவது நடு இரும்பில், வேண்டுமென்றே ஓர் இடைவெளி விட வேண்டும்.

இதை நான் படித்துத்தான் வைத்திருந்தேன், ஆனால் காயில் சுற்றுபவரிடம் சொல்லவில்லை. ரிச்சி தெருவுக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில், ஒரு மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்து இன்வெர்ட்டர், ஸ்டெபிலைசர் டிரான்ஸ்ஃபார்மர்களைச் சுற்றிக்கொடுப்பவர் அவர். நான் தாளில் எழுதிக்கொடுத்த கணக்கு இது: 5,200 ஓம் பிரைமரி, 8 ஓம் ஸ்பீக்கர். 5,200-ஐ 8-ஆல் வகுத்தால் 650. அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 25.5, அதுதான் சுற்றுகளின் விகிதம். ஆகவே பிரைமரியில் 2,500 சுற்று, ஸ்பீக்கர் பக்கச் செகண்டரியில் 98 சுற்று. சுற்றுகள் பிசகவில்லை. ஆனால் தம் வழக்கப்படி ஸ்டாம்பிங் எனப்படும் கோர் தகடுகளை, ஈ (E) வடிவத் தகடு ஒன்று இந்தப் பக்கமும் அடுத்தது அந்தப் பக்கமுமாக மாற்றி மாற்றி அடித்து, இறுக்கி, வார்னிஷில் முக்கிக் கொடுத்துவிட்டார். பவர் டிரான்ஸ்ஃபார்மருக்கு அதுதான் சரியான முறை. இடைவெளியே இல்லாததால் எனக்குத்தான் அது விஷம்.

வீட்டில் இணைத்து ஒரு கச்சேரிப் பதிவைப் போட்டேன். பாட்டு தெளிவாக இருந்தது, வயலினும் பரவாயில்லை. மிருதங்கத்தில் வலந்தலை கணீரென்று வந்தது. இடப்பக்கத் தொப்பியில் கும்கி என்னும் ஆழ்ந்த ஒலி விழும் இடத்தில் மட்டும் யாரோ தகர டின்னைத் தட்டுவது போலிருந்தது. வால்வை மாற்றினேன், கண்டென்சரை மாற்றினேன், ஸ்பீக்கரையும் மாற்றிப் பார்த்தேன். ஒரு வாரம் கழித்துத்தான் புத்தி வந்து டிரான்ஸ்ஃபார்மரைத் தூக்கிக்கொண்டு அவரிடமே போய், இடைவெளி விட்டுத் தரச் சொன்னேன்.

"கேப் வுட்டா கத்தும் சார், அப்புறம் என்னைத்தான் சொல்வீங்க" என்றார். பிரித்தார். வார்னிஷ் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்த தகடுகளைப் பிளேடால் ஒவ்வொன்றாகப் பெயர்க்க அவருக்கு முக்கால் மணி நேரம் ஆனது. ஈ தகடுகளை எல்லாம் ஒரே பக்கமாக அடுக்கி, ஐ (I) வடிவத் தகடுகளைத் தனிக்கட்டாக எதிரில் வைத்து, நடுவில் என் நோட்டிலிருந்து கிழித்த ஒரு தாளை மடிக்காமல் செருகினோம். தாளின் கனம் சுமார் 0.1 மில்லிமீட்டர். காந்தப்பாதை அந்த இணைப்பை இரண்டு முறை கடப்பதால், கிடைக்கும் இடைவெளி அதைப் போல் இரு மடங்கு. அன்று மாலை கும்கி கும்கியாகவே கேட்டது. அந்தத் தாளுக்குச் சமமான மாற்றத்தை எந்த வெளிநாட்டு வால்வும் எனக்கு இதுவரை தந்ததில்லை.

ஹம் என்னும் உறுமலும் இப்படித்தான். வால்வு மாற்றித் தீராது. புஷ் புல்லில் பவர் சப்ளையின் அலைவும் பெரும்பகுதி தானாக அழிந்துவிடும், இங்கே அது நேராக ஸ்பீக்கருக்குப் போகும். 100 ஹெர்ட்ஸில் ரம்பம் போடுவது போலக் கேட்டால் ஃபில்டர் போதவில்லை என்று பொருள். சோக் என்னும் ஒரு கம்பிச்சுருளைச் சப்ளையில் சேர்த்தால் அடங்கும். 50 ஹெர்ட்ஸில் அடித்தொண்டை உறுமலாக வந்தால் ஹீட்டர் ஒயரையும் எர்த் போட்ட இடத்தையும் பாருங்கள். முன்னால் உள்ள சிறிய வால்வான ஈசிசி 83-ஐப் பிடுங்கிய பிறகும் உறுமல் நிற்கவில்லையென்றால், குற்றம் அவுட்புட் பக்கமோ சப்ளையிலோ இருக்கிறது.

இனி ஒலியைப் பற்றி. வால்வின் "வெதுவெதுப்பு" என்று பலர் உருகுவது பெரும்பாலும் இரண்டாம் ஹார்மோனிக் திரிபுதான். புஷ் புல்லில் அழிந்துபோகும் அது, சிங்கிள் எண்டட்டில் அப்படியே நிற்கும். ஷட்ஜத்தின் இரண்டாம் ஹார்மோனிக் மேல் ஷட்ஜம். ஆகவே அந்தத் திரிபு சுருதியோடு ஒட்டியே உட்காருகிறது, தம்புரா கேட்டுப் பழகிய காது அதைக் குற்றமாக எண்ணுவதில்லை. ஆனால் ஒரே சமயத்தில் பல சுரங்கள் ஒலிக்கும்போது அவற்றின் கூட்டலும் கழித்தலுமாகச் சுருதியில் சேராத ஒலிகளும் பிறக்கும். தனிக்குரலும் வீணையும் என் ஆம்ப்ளிஃபயரில் அழகாக இருக்கின்றன. வயலின் கூட்டம் முழங்கும் திரைப்பாடல் குழம்புகிறது. சாதாரண ஐசி ஆம்ப்ளிஃபயர் அதைத் தெளிவாகவே தருகிறது. இதை ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

அதனால்தான், வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனம் 1938-இல் கொண்டுவந்த 300பி வால்வுக்காகச் சேமிப்பைக் கரைக்கும் நண்பர்களோடு நான் சண்டை பிடிக்கிறேன். நல்ல வால்வுதான், மறுக்கவில்லை. ஆனால் அதற்கும் கிடைப்பது சுமார் 8 வாட். அதன் பின்னால் மலிவான டிரான்ஸ்ஃபார்மரை மாட்டினால், பட்டுப்புடவைக்கு ரப்பர் செருப்புப் போட்ட கதைதான். பழைய ரேடியோவிலிருந்து கழற்றிய, பெங்களூர் பெல் (பாரத் எலக்ட்ரானிக்ஸ்) நிறுவன முத்திரை போட்ட வால்வு கிடைத்தால் அதையே வைத்துக்கொண்டு, மிச்சப்படும் பணத்தை நல்ல ஸ்டாம்பிங்கிலும், பிரைமரியையும் செகண்டரியையும் அடுக்கடுக்காக மாற்றிச் சுற்றும் கூலியிலும் போடுங்கள். மேல் சுரங்கள் மங்காமல் வருவது அந்த அடுக்கில்தான் இருக்கிறது. அது அலுப்பான வேலை. சுற்றுபவர் கேட்கும் கூலியில் பேரம் பேசாதீர்கள்.

சர்க்யூட் கேட்டு உள்பெட்டியில் எழுதியவர்களுக்கு அனுப்பிவைக்கிறேன். சேஸிஸில் துளை போடும் முன் டிரான்ஸ்ஃபார்மரைக் கையில் வாங்கிவிடுங்கள். அது நீங்கள் நினைப்பதைவிடப் பெரியதாகவே வந்து சேரும். மெயின் கண்டென்சரின் குறுக்கே அதில் தேங்கும் மின்சாரம் வடிய ஒரு ரெசிஸ்டரை நிரந்தரமாகப் போட்டு வையுங்கள், ஆஃப் செய்த பிறகும் மீட்டர் வைத்துப் பார்க்காமல் உள்ளே கை விடாதீர்கள். நான் ஒரு முறை விட்டிருக்கிறேன். கையிலிருந்த சால்டரிங் அயர்ன் பறந்து போய் மெத்தையில் விழுந்தது. அந்த ஓட்டை இன்னும் மெத்தையில் இருக்கிறது. அதைப் பற்றி வீட்டில் இன்றும் பேச்சு வாங்குகிறேன்.