நாற்பது விநாடிகூடக் கேட்க முடியவில்லையா?

ஞாயிற்றுக்கிழமை மாலை நம் சங்கீதக் கூட்டத்தில் ஒரு வெளிநாட்டுக் குழுவின் இசையை ஒலிப்பதிவில் போட்டேன்; பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். நடந்ததைக் காணொளியாகவே பலர் பகிர்ந்துவிட்டீர்கள். ஆகவே அதை மறுபடி விவரிக்கப் போவதில்லை. ஒலிபெருக்கியின் இணைப்பைப் பிடுங்கியவர் யார், அப்போது கைதட்டியவர்கள் யார் என்ற ஆராய்ச்சியும் எனக்கு வேண்டாம். மூன்று நாட்கள் பேசாமல் இருந்தேன். நேற்று இரவு, "அந்த அம்மாளுக்கு நம் சங்கீதம் போதவில்லையாம்" என்று ஒருவர் எழுதியிருந்ததைப் பார்த்த பிறகு தூக்கம் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

அன்று நான் அறிமுகம் செய்ய வந்தது குரோனோஸ் நால்வர் குழுவின் ஐம்பதாவது ஆண்டுப் பருவத்தை. இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ. 1973-இல் சியாட்டிலில் தொடங்கி, பின்னர் சான்பிரான்சிஸ்கோவைத் தன் ஊராக்கிக்கொண்ட குழு. 2023-24 பருவம் முழுவதும் அவர்கள் கொண்டாடியது தங்கள் வயதை மட்டும் என்று நினைத்தால் தவறு. ஐம்பது ஆண்டுகளில் யார் யாரிடம் போய் "எங்களுக்காக எழுதித் தாருங்கள்" என்று கேட்டார்களோ, அந்த மனிதர்களையெல்லாம் கொண்டாடினார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட புதிய படைப்புகள், தழுவல்கள். பெரும்பாலும் உயிரோடு இருக்கும் மனிதர்களிடம் கேட்டு வாங்கியவை.

கேட்டார்கள். இந்த ஒரு சொல்லைத்தான் அன்று நான் விளக்க வந்தேன். தமிழில் காதால் கேட்பதற்கும் வாய் திறந்து கேட்பதற்கும் ஒரே சொல். அந்த நால்வர் செய்த இரண்டு வேலையும் அதில் அடங்கியிருக்கிறது. முதலில் காதால் கேட்டார்கள். பிறகு போய்க் கேட்டார்கள்.

தொடக்கமே அப்படித்தான். டேவிட் ஹாரிங்டன் என்ற இளைஞர் 1973-இல் ஓர் இரவு வானொலியில் இசையமைப்பாளர் ஜார்ஜ் க்ரம்பின் 'பிளாக் ஏஞ்சல்ஸ்' என்ற படைப்பைக் கேட்கிறார். வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த 1970-இல் எழுதப்பட்டது. வாசிப்பவர்கள் தண்ணீர் ஊற்றிச் சுருதி சேர்த்த கண்ணாடிக் கோப்பைகளின் விளிம்பில் வில்லை இழுக்க வேண்டும், பல மொழிகளில் எண்களைச் சொல்லிக் கத்த வேண்டும். அதைக் கேட்டவருக்கு, இதை வாசித்தே ஆக வேண்டும், வாசிக்க ஒரு குழு வேண்டும் என்று தோன்றிவிட்டது. ஒரு வானொலி இரவிலிருந்து ஐம்பது ஆண்டுகள். அவர்கள் கேட்டு வாங்கிய முதல் படைப்பை எழுதியவர் கென் பென்ஷூஃப்; அதற்குக் கொடுத்த சம்பளம் ஒரு பை டோனட். கையில் காசில்லை, இருந்தும் கேட்டார்கள்.

எங்கள் கூட்டத்தில் 'பிளாக் ஏஞ்சல்ஸ்' பகுதியைப் பொறுத்துக்கொண்டார்கள். அதன் பிறகு தான்யா டகாக்கின் படைப்பைப் போட்டேன். கனடாவின் வடகோடியிலிருந்து வந்த, இனுயிட் என்ற பழங்குடியைச் சேர்ந்த பாடகி அவர். இனுயிட் பெண்கள் இருவர் எதிரெதிரே நின்று, மூச்சை உள்ளே இழுக்கும்போதும் வெளியே விடும்போதும் தொண்டையிலிருந்து ஒலி எழுப்பிப் பாடும் மரபு ஒன்று இருக்கிறது. அந்தத் தொண்டை ஒலியை நான்கு தந்திக் கருவிகளுக்குக் கொண்டுவந்திருக்கிறார். வில்லை அழுத்தி, நரநரவென்று, மரத்தின் உள்ளிருந்து மூச்சு வருவதைப் போல வாசிக்க வேண்டும். வயலின் கற்றுக்கொடுக்கும் எனக்கே, வில்லை இப்படியும் பிடிக்கலாமா என்று வியப்பு. மூன்று வாரம் தயார் செய்து கொண்டுபோயிருந்தேன். நாற்பதாவது விநாடியில் ஒரு பெரியவர் எழுந்தார். "போதும் அம்மா, இனி சங்கீதம் போடுங்கள்" என்றார். அடுத்த நொடி இணைப்பும் போனது.

நாற்பது விநாடி. நம் ஆலாபனையில் ஒரு ராகத்தின் முகம் தெரியவே அதைவிட நேரமாகும். அதைப் பொறுமையாகக் கேட்கத் தெரிந்த காதுகள்தானே அந்த மண்டபத்தில் இருந்தவை?

"இதெல்லாம் கதம்பம், ஊர் ஊராகப் பொறுக்கிச் சேர்த்த பொருட்காட்சி" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஐயா, பொறுக்கியெடுப்பவர்கள் ஒரு மெட்டை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். இவர்கள் மனிதரை அழைத்தார்கள். மாலி நாட்டில் பாலஃபோன் என்ற மரக்கட்டைக் கருவி வாசிக்கும் ஃபோதே லஸானா தியாபதேயை அழைத்து, எங்கள் நான்கு கருவிக்கும் எழுதுங்கள் என்று கேட்டார்கள். அவர் தன் நாட்டுப் பேரரசன் சுஞ்சாத்தாவின் கதையை ஐந்து பகுதிகளாக எழுதித் தந்தார். அதில் நால்வரும் முறை வைத்து ஒவ்வொருவராக முன்னே வருகிறார்கள், கடைசியில் எல்லோரும் சேர்கிறார்கள். பிபா என்ற சீனத் தந்திக் கருவி வாசிக்கும் வூ மான், பெனின் நாட்டுப் பாடகி அஞ்சலிக் கிஜோ, அஜர்பைஜானின் இசையமைப்பாளர் ஃபிரங்கிஸ் அலி-ஸாதே என்று இந்த வரிசை நீள்கிறது. 1992-இல் வெளிவந்த 'பீஸஸ் ஆஃப் ஆஃப்ரிக்கா' இசைத்தட்டு முழுவதும் ஆப்பிரிக்க இசையமைப்பாளர்களின் படைப்பு; ஒவ்வொன்றின் கீழும் அவரவர் பெயர் இருக்கிறது. 2005-இல் ஆர்.டி. பர்மன் பாடல்களை எடுத்தபோது, பாட எழுபது வயதைக் கடந்த ஆஷா போஸ்லேயையே அழைத்தார்கள். கதம்பம் என்ற சொல்லை இழிவாகச் சொல்வதும் எனக்குப் புரியவில்லை. நம் வீட்டுப் பெண்கள் அதைத் தலையில் அல்லவா வைத்துக்கொள்கிறோம்?

"அமெரிக்கர்கள் பணத்தை வைத்து எல்லோர் இசையையும் வாங்கிவிட்டார்கள்" என்பது அடுத்த குற்றச்சாட்டு. இதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். மேடையில் அமர்ந்த நால்வரும் பல ஆண்டுகள் வெள்ளையர்களாகவே இருந்தார்கள், கைதட்டல் முதலில் அவர்களுக்கே விழுந்தது. ஆனால் வாங்கிய பிறகு என்ன செய்தார்கள் என்பதையும் பாருங்கள். 2015-இல் தொடங்கிய திட்டம் ஒன்று: இளம் நால்வர் குழுக்கள் பயிற்சி செய்வதற்காக ஐம்பது புதிய படைப்புகள், எழுதியவர்களில் பாதிப் பேர் பெண்கள். இசைக்குறிப்பும் ஒலிப்பதிவும் இணையத்தில் இலவசம். காசு கொடுத்து எழுத வைத்ததை உலகத்துக்குச் சும்மா கொடுத்துவிட்டார்கள். டகாக்கின் அந்தப் படைப்பும் இந்த ஐம்பதில் ஒன்றுதான். வருங்காலத்தவர் என்பது அதன் இனுயிட் பெயரின் பொருள். நம்மில் எத்தனை பேர் குருவிடம் வாங்கிய அபூர்வக் கிருதி ஒன்றை அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம்? நோட்டுப் புத்தகத்தைப் பீரோவில் வைத்துப் பூட்டிய வீடுகளை எனக்குத் தெரியும்.

அதே ஐம்பதில் தபலா கலைஞர் ஜாகிர் உசேன் எழுதியதும் இருக்கிறது. அதற்கு அவர் வைத்த பெயர் 'பல்லவி'. நம் சொல். 2024 டிசம்பரில் அவர் மறைந்தபோது இங்கே எல்லோரும் படம் போட்டு அஞ்சலி எழுதினோம். அன்று அதைத்தான் அடுத்ததாகப் போட வைத்திருந்தேன். அதுவரை போகவே விடவில்லை.

"நம் மரபு தூய்மையானது, அதில் இதையெல்லாம் கலக்காதீர்கள்" என்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நான் எதையும் கலக்கவில்லை, ஒலிப்பதிவுதான் போட்டேன். இருக்கட்டும். நீங்கள் உயிராக மதிக்கும் கச்சேரியில் பாடகருக்கு இடப்பக்கம் ஒலிக்கும் வயலின் எங்கிருந்து வந்தது? பாலுசுவாமி தீட்சிதர் ஓர் ஐரோப்பியரிடம் கற்றுக்கொண்டது அது. அவருடைய அண்ணன் முத்துசுவாமி தீட்சிதர், மேல்நாட்டு மெட்டுகளைக் கேட்டு அவற்றுக்குச் சமஸ்கிருதத்தில் சாகித்தியம் எழுதினார். நம் குழந்தைகளுக்கு நோட்டு சுரம் என்று சொல்லித் தருகிறோமே, அவைதான். தஞ்சை நால்வர் என்ற சகோதரர்களில் இளையவரான வடிவேலு இதே வயலினை வாசித்து, திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாளிடம் தந்தத்தாலான வயலினைப் பரிசாகப் பெற்றார். அவர்களும் நால்வர். அவர்கள் காதைப் பொத்திக்கொண்டிருந்தால் இன்று என் தோளில் இந்தக் கருவி இல்லை.

எனக்குக் கோபம் இவ்வளவு வருவதற்குக் காரணம் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தானா என்று யோசித்துப் பார்த்தேன். கும்பகோணத்தில் எனக்குப் பதினான்கு வயது. எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு தேவாலயம். டிசம்பர் மாத மாலைகளில் அங்கே பாட்டுப் பயிற்சி நடக்கும். நான்கு குரல்கள் நான்கு வழியில் போய் ஓரிடத்தில் சேர்வதைக் கொல்லைப்புறத்தில் நின்று கேட்பேன். ஏன் உடம்பு சிலிர்க்கிறது என்று அப்போது தெரியாது. ஒரு நாள் பாடம் தொடங்கும் முன்பு, என் ஆசிரியர் உள்ளே காப்பி குடித்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்து, அதில் ஒரு குரலை மட்டும் வயலினில் வாசித்துப் பார்த்தேன். அவர் வாசலில் நின்றிருந்தார். திட்டவில்லை. வந்து என் கையிலிருந்து வில்லை வாங்கிப் பெட்டியில் வைத்து மூடினார். "காதில் விழுவதையெல்லாம் வாசிக்கக் கூடாது" என்றார். பிறகு ஒரு வாரம் என்னைப் பாடத்துக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அவரை நான் இன்றும் வணங்குகிறேன். எனக்குத் தெரிந்த கமகம் எல்லாம் அவர் போட்ட பிச்சை. அவர் இறந்த செய்தி வந்தபோது பஸ்ஸில் நின்றுகொண்டே அழுதேன். ஆனால் அந்த ஒரு வாரம் என்னுள்ளே எதையோ பூட்டிவிட்டது. நாற்பது வயதுக்கு மேல், மகள் வாங்கிக் கொடுத்த காதொலிப்பானில் குரோனோஸைக் கேட்டபோதுதான் அது திறந்தது. அதே நான்கு வழி, அதே சேரும் இடம். ஞாயிற்றுக்கிழமை இணைப்பைப் பிடுங்கியபோது எனக்குக் கேட்டது அந்த வயலின் பெட்டி மூடும் சத்தம். இப்போது புரிகிறதா, நான் ஏன் ஒன்றும் பேசாமல் கீழே இறங்கினேன் என்று? "திமிர் பிடித்தவள், நன்றி கூடச் சொல்லாமல் போனாள்" என்று எழுதியவர்களே, நன்றி சொல்ல எனக்குக் குரல் வரவில்லை.

"அவ்வளவு ஆசை என்றால் வீட்டில் தனியாகக் கேட்டுக்கொள்ளலாமே" என்று இதமாகச் சொன்ன தோழிக்கும் பதில் சொல்கிறேன். தனியாகத்தான் பன்னிரண்டு ஆண்டுகளாகக் கேட்கிறேன் அம்மா. ஒருமுறை பக்கத்தில் யாராவது உட்கார்ந்து கேட்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

அந்தக் குழுவில் ஜான் ஷெர்பாவும் ஹாங்க் டட்டும் நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் வாசித்துவிட்டு 2024-இல் ஓய்வுபெற்றார்கள். ஹாரிங்டனுக்குப் பக்கத்தில் புதியவர்கள் அமர்ந்தார்கள், இரண்டு பெண்கள். ஐம்பதாவது ஆண்டில் பழைய வெற்றிகளை மட்டும் வாசித்துவிட்டு மாலை வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். அப்போதும் புதியவர்களிடம் போய் எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். இதைச் சொல்லத்தான் ஐயா நான் அன்று வந்தேன். வேறு எதற்கும் வரவில்லை.

எழுந்து நின்ற பெரியவரே, உங்கள் பெயரை நான் எங்கும் எழுதவில்லை, எழுதவும் மாட்டேன். நீங்கள் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். உங்கள் காது எனக்குப் பிடிக்கும். போன மார்கழியில் தோடி ஆலாபனைக்கு நடுவே நீங்கள் மட்டும் தலையசைத்த இடம் சரியான இடம். வரும் ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு என் வீட்டுக் கூடத்தில் டகாக்கின் அந்தப் படைப்பை முதலிலிருந்து போடுகிறேன். அடுத்து 'பல்லவி'. மாடிப்படி பதினெட்டு. உங்கள் முழங்கால் வலி தெரியும், கைபிடித்து ஏற்ற என் மகன் கீழே நிற்பான்.