*#21# ஒட்டுக்கேட்பைக் காட்டாது

ஒருவர் *#21# டயல் செய்தால் நம் போனை யாராவது ஒட்டுக்கேட்கிறார்களா என்று தெரிந்துவிடும் என எழுதியிருக்கிறார். அப்படியில்லைங்க. அது ஜிஎஸ்எம் என்ற மொபைல் நெட்வொர்க் முறையில் ஆரம்பத்திலிருந்தே இருக்கும் கோடு, கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: இந்த எண்ணுக்கு வரும் எல்லா அழைப்பையும் வேறு எண்ணுக்குத் திருப்பிவிடச் சொல்லியிருக்கிறதா? அந்தக் கேள்வி சிக்னலிங் (நெட்வொர்க்கின் கட்டுப்பாட்டுச் செய்திகள்) வழியாக மொபைல் கம்பெனியின் எச்.எல்.ஆர். என்ற சந்தாதாரர் பதிவேட்டுக்குப் போகிறது, அங்கே என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் திரையில் வருகிறது. வாய்ஸ், டேட்டா, ஃபேக்ஸ் என்று வரிசையாக வருவதைப் பார்த்துப் பலர் பயந்துவிடுகிறார்கள், அவை சேவை வகைகள் மட்டுமே. போனில் உளவு ஆப் இருந்தாலும் சரி, எக்ஸ்சேஞ்சிலேயே ஒட்டுக்கேட்டாலும் சரி, இதில் தெரியாது.

நீங்களே பார்க்கலாம். கால் செட்டிங்ஸில் ஃபார்வேர்டிங் (அழைப்பைத் திருப்பிவிடுதல்) போய் 'எப்போதும்' என்பதில் உங்கள் வீட்டிலுள்ள இன்னொரு எண்ணைப் போடுங்கள், பிறகு *#21# அடியுங்கள், அதே எண் வரும். எடுத்துவிட்டு மறுபடி அடித்தால் போய்விடும். கோடு பதில் தராவிட்டால் (இந்தியாவில் 2024 ஏப்ரல் 15 முதல் யுஎஸ்எஸ்டி வழி, அதாவது இப்படி * # கோடு டயல் செய்து போடும் ஃபார்வேர்டிங்கை நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்தது) அந்த மெனுவையே பார்த்தால் போதும்.