ரைசரை எங்கே வைப்பது என்று யாரைக் கேட்கிறோம்?

போன வாரம் எங்கள் ஆபீஸில் ஒரு மாடல் ரிவ்யூ. கடலில் நிற்கப்போகும் எண்ணெய் பிளாட்ஃபார்ம் ஒன்றைத் திரையில் போட்டு, மூலை மூலையாகத் திருப்பிப் பார்க்கும் கூட்டம். பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தோம். பைப்பிங், ஸ்ட்ரக்சர், எலக்ட்ரிக்கல், சேஃப்டி, பிளானிங் எல்லாரும் உண்டு. நாளைக்கு அதில் ஏறி வேலை பார்க்கப்போகிறவர் மட்டும் ஒருவர்கூட இல்லை. கேட்டேன். "அவங்க 90 சதவீத ரிவ்யூவுக்கு வருவாங்க" என்றார்கள். அதாவது, டிசைன் வேலை 90 சதவீதம் முடிந்த பிறகு. அப்போது வந்து அவர் என்ன சொன்னாலும் "இனிமே மாத்த முடியாது சார்" என்பதுதான் பதிலாக இருக்கும். பத்தொன்பது வருஷமாக லே-அவுட் போடுகிறேன், எது எங்கே இருக்க வேண்டும் என்று வரைகிற வேலை. அந்தப் பதிலை நானே பலரிடம் சொல்லியிருக்கிறேன். அது தப்பு என்று இன்று உறுதியாக நினைக்கிறேன்.

இந்தத் துறையில் இல்லாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கடல் தரையில் ஊன்றி நிற்கும் இரும்புக் கூடு ஜாக்கெட். அதன் தலைமேல் உட்காருவது டாப்சைடு: மெஷின்கள், கன்ட்ரோல் ரூம், சமையலறை, ஆட்கள் தூங்கும் அறை எல்லாம் அங்கேதான். கடலடிக் குழாயிலிருந்து மேலே ஏறிவரும் குழாய்க்குப் பெயர் ரைசர். கிலோமீட்டர் கணக்கில் நீளும் குழாயில் அடைபட்டிருக்கும் கேஸ் முழுவதும் அதன் பின்னால் நிற்கிறது. பிளாட்ஃபார்மில் தீ என்றால் வால்வை மூடலாம். வால்வுக்குக் கீழே ரைசரே கிழிந்துவிட்டால், கடலடியில் இன்னொரு வால்வு இல்லையென்றால், மூடுவதற்கு எதுவும் இல்லை. உள்ளே இருப்பது தீரும்வரை எரியும்.

2005 ஜூலை 27 அன்று ஓ.என்.ஜி.சி.யின் பாம்பே ஹை நார்த் பிளாட்ஃபார்மில் நடந்தது அதுதான். மும்பையிலிருந்து 160 கிலோமீட்டர் மேற்கே, நடுக்கடல். முந்தின நாள்தான் மும்பையை அந்தப் பெருமழை மூழ்கடித்திருந்தது. 'சமுத்ரா சுரக்ஷா' என்ற கப்பலில் சமையல்காரர் ஒருவருக்கு விரல் நுனிகள் வெட்டுப்பட்டுவிட்டன. ஹெலிகாப்டர் பறக்க முடியாத வானிலை. பிளாட்ஃபார்மில் வைத்தியம் பார்க்கலாம், கிரேனில் தூக்கி ஏற்றிவிடலாம் என்று கப்பலைப் பக்கத்தில் கொண்டுவந்தார்கள். வந்தது காற்று அடிக்கும் பக்கம். கப்பலை நிலைநிறுத்தும் த்ரஸ்டர்கள் சரியாக வேலை செய்யவில்லை, கையால் ஓட்டினார்கள். அலை தள்ளியது. கப்பலின் ஹெலிடெக், அதாவது ஹெலிகாப்டர் இறங்கும் தளம், ரைசரில் இடித்தது. ஏழு மாடி பிளாட்ஃபார்ம் இரண்டு மணி நேரத்தில் இல்லாமல் போனது. 384 பேரில் 362 பேரைக் காப்பாற்றினார்கள். 22 பேர் வீடு திரும்பவில்லை.

கேப்டன் மேல் குற்றம் சொல்வது சுலபம். லே-அவுட் போடுகிறவனாக எனக்கு வேறொன்று உறுத்துகிறது. ரைசர்கள் ஜாக்கெட்டுக்கு வெளியே, கப்பல் வந்து அணையும் இடத்துக்கு அருகிலேயே இருந்தன. இடி தாங்கத் தடுப்பும் இருந்தது, ஆனால் சின்ன சப்ளை போட்களை மனதில் வைத்துப் போட்ட தடுப்பு. ஒரு ரைசரில் பிடித்த தீ அடுத்தடுத்த ரைசர்களைத் தின்றது. இத்தனையும் 1981-இல் அந்த பிளாட்ஃபார்ம் எழுவதற்கு முன்பே, கரையில், பேப்பரில் முடிவான விஷயங்கள்.

எட்டு வருஷத்துக்கு முன் வேறொரு ப்ராஜெக்டில், 30 சதவீத ரிவ்யூவின்போது, ஒரு தூத்துக்குடிக்காரர் வந்திருந்தார். இருபது வருஷத்துக்கு மேல் கடலில், பிளாட்ஃபார்மை ஓட்டும் ஆபரேட்டராக இருந்தவர். வேறு வேலையாக ஆபீசுக்கு வந்தவரை எங்கள் மேனேஜர் சும்மா உட்கார வைத்தார். தூத்துக்குடிக்காரர் அரைமணி நேரம் பேசாமல் திரையைப் பார்த்தார். அப்புறம் கேட்டார்:

"தம்பி, போட்டு எந்தப் பக்கம் வந்து நிக்கும்?"

காட்டினேன்.

"மான்சூன்ல காத்து எங்கிருந்து வரும்?"

"தென்மேற்கு அண்ணே."

"இஞ்சின் நின்னு போச்சுன்னா போட்டு எங்க போவும்?"

எழுந்து வந்து திரையில் விரலை வைத்து இழுத்தார். விரல் நேராகப் போய் ரைசரில் நின்றது. அறையில் யாரும் பேசவில்லை. பாம்பே ஹை விபத்து அறிக்கையைப் பற்றி எங்கள் எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் வரைந்திருக்கிறோம்.

இரண்டு வாரம் உட்கார்ந்து ரைசரை ஜாக்கெட்டுக்குள் கொண்டுபோனோம். எங்கள் சம்பளத்தைத் தவிர வேறு செலவில்லை. இதையே காட்டுப்பள்ளி மாதிரி ஒரு யார்டில் இரும்பு வெட்டத் தொடங்கிய பிறகு கேட்டிருந்தால் மாதக்கணக்கில் தள்ளிப்போயிருக்கும். கடலில் நிறுத்திய பிறகு என்றால், கேஸ் ஓடும் இடத்தில் வெல்டிங் வைக்க வேண்டும். யாரும் துணிய மாட்டார்கள். அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிடுவார்கள்.

வடகடலின் பைப்பர் ஆல்ஃபா கதையும் இதுதான். எண்ணெய்க்காகக் கட்டிய பிளாட்ஃபார்மில் 1980 வாக்கில் கேஸ் வேலையைச் சேர்த்தார்கள். கேஸை அழுத்தும் மெஷின்கள் உள்ள பகுதி கன்ட்ரோல் ரூம் பக்கத்திலேயே வந்தது. இடையில் இருந்த சுவர் தீயைத் தாங்கும், வெடிப்பைத் தாங்காது. 1988 ஜூலை 6 இரவு முதல் வெடிப்பிலேயே கன்ட்ரோல் ரூம் போனது. 167 பேர் இறந்தார்கள், பெரும்பாலானவர்கள் புகையில் மூச்சு முட்டி. நீதிபதி லார்ட் கல்லன் விசாரித்து 106 பரிந்துரைகள் கொடுத்தார். பிளாட்ஃபார்மில் என்னென்ன ஆபத்து, அதை எப்படிச் சமாளிப்போம் என்று காட்டும் 'சேஃப்டி கேஸ்' என்ற ஆவணத்தைத் தயாரிக்கும்போது தொழிலாளர் பிரதிநிதிகளைக் கலந்தாக வேண்டும் என்பது இன்று பிரிட்டனில் சட்டம்.

"ஆபரேட்டரைக் கூப்பிட்டா ஆயிரம் கேப்பாங்க, வெயிட் ஏறிடும்" என்பார்கள். வெயிட் நிஜமான பிரச்சினைதான். டாப்சைடைத் தூக்கி வைக்கும் கிரேனுக்கு ஓர் அளவு உண்டு, ஒவ்வொரு டன்னுக்கும் சண்டை நடக்கும். ஆனால் கேட்பதையெல்லாம் கொடு என்று நான் சொல்லவில்லை. எதை விடுவது என்று முடிவாகும்போது, அதனால் பாதிக்கப்படுகிறவர் அறையில் இருக்கட்டும் என்கிறேன். 14 நாள் கடல், 14 நாள் வீடு என்று ஓடுகிறவர்கள். வீட்டு நாளில் இரண்டு நாளைக் கேட்டால் அதற்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். கொடுங்கள். கான்ட்ராக்ட் ஆட்களையும் கூப்பிடுங்கள், அங்கே எண்ணிக்கையில் அவர்கள் குறைவில்லை.

போன வாரக் கூட்டத்தில் அந்த அண்ணன் கேட்டிருக்கக்கூடிய ஒரு கேள்வியை நான் கேட்டேன். தங்கும் பகுதிப் படிக்கட்டின் திருப்பத்தில் ஸ்ட்ரெச்சர் திரும்புமா? யாருக்கும் தெரியவில்லை. சாயங்காலம் ஆபீஸ் தரையில் டேப் ஒட்டி அந்தத் திருப்பத்தை நிஜ அளவில் குறித்தோம். இரண்டு பையன்கள் முன்னும் பின்னும் பிடிக்க, இரண்டு மீட்டர் பலகையைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் பார்த்தார்கள். மூன்று தடவை. திரும்பவில்லை.

மாற்றச் சொல்லி மெயில் போட்டிருக்கிறேன். அடுத்த ரிவ்யூவுக்கு இரண்டு ஆபரேட்டர்கள் வேண்டும் என்றும் அதிலேயே எழுதியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை, நாளைக்கு நேரில் போய்க் கேட்பேன்.