செத்த பிறகும் படுக்கை விரிப்பவள்

எனக்குப் பேய்க் கதை பிடிக்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பகுத்தறிவுப் பாடம் எடுக்க வந்திருக்கிறேன் என்று நினைத்து யாரும் பாதியில் ஓடிவிடக் கூடாது.

போன அக்டோபரில் அமெரிக்காவின் கொலராடோவில் தம்பி வீட்டில் பத்து நாள் இருந்தேன். ஒரு சனிக்கிழமை எஸ்டஸ் பார்க் என்ற ஊருக்குக் கூட்டிப் போனான். ராக்கி மலைத் தேசியப் பூங்காவுக்கு வாசல்படி மாதிரியான ஊர். உயரம் 7,500 அடி, கொடைக்கானலைவிடச் சில நூறு அடி கூடுதல். கடைத்தெருவில் நின்றால் நம் மலையூர்தான்: சாக்லேட், ஸ்வெட்டர், சாவிக்கொத்து, விலையைக் கேட்டதும் கீழே வைத்துவிட்டு நகரும் குடும்பங்கள். ஊருக்கு மேலே ஒரு மேட்டில் வெள்ளைச் சுவரும் சிவப்புக் கூரையுமாக ஸ்டான்லி ஹோட்டல். தம்பி மகன் ஒரு வாரமாக இந்த ஹோட்டல் புராணம்தான் பாடிக்கொண்டிருந்தான். அங்கே தங்க எங்களுக்குக் கட்டுப்படியாகாது. சுற்றிப் பார்க்க டிக்கெட் எடுத்தோம்.

கதை எல்லோருக்கும் அரைகுறையாகத் தெரிந்திருக்கும். 1974 இலையுதிர் காலத்தில் அமெரிக்கத் திகில் நாவலாசிரியர் ஸ்டீபன் கிங் தன் மனைவியோடு இங்கே ஓர் இரவு தங்கினார். குளிர்காலத்துக்காக ஹோட்டலை மூடப்போகும் நேரம். அவர்களைத் தவிர வேறு விருந்தினர் இல்லை. அறை எண் 217. தன் சின்ன மகனைத் தீயணைப்புக் குழாய் ஒன்று தாழ்வாரங்களில் துரத்துவதாகக் கனவு கண்டு விழித்தார். 1977இல் 'தி ஷைனிங்' என்ற அவருடைய பேய் ஹோட்டல் நாவல் வந்தது. அதிலும் பேய் இருக்கும் அறை 217தான். அதன் பிறகு ஹோட்டலின் தலையெழுத்தே மாறிவிட்டது.

ஒரு வேடிக்கை. அந்த நாவலை வைத்து 1980இல் ஸ்டான்லி குப்ரிக் எடுத்த படத்துக்கும் இந்தக் கட்டடத்துக்கும் சம்பந்தமே இல்லை. வெளிப்புறக் காட்சிகளில் தெரிவது ஆரிகன் மாநிலத்து டிம்பர்லைன் லாட்ஜ், உள்ளே நடப்பதெல்லாம் இங்கிலாந்தில் போட்ட செட். அந்த லாட்ஜ்காரர்கள், 217 என்று காட்டினால் அந்த அறைக்கு ஆள் வராது என்று பயந்து, தங்களிடம் இல்லாத 237ஐப் போடச் சொன்னார்களாம். இன்று அங்கேயும் சரி, எஸ்டஸ் பார்க்கிலும் சரி, வருகிறவர்கள் கேட்டு வாங்குவது 217ஐத்தான். பேயின் சந்தை மதிப்பைக் கணிப்பதில் எவ்வளவு பெரிய முதலாளியும் தப்புக் கணக்குப் போடுவார் போலிருக்கிறது. படத்தில் மட்டுமே வந்த புதர்ச்செடிப் புதிர்ப்பாதையை ஸ்டான்லி ஹோட்டல் 2015இல் தன் முற்றத்தில் நட்டு வளர்த்துவிட்டது. கதை கட்டடத்தைப் பின்பற்றிய காலம் போய், கட்டடம் கதையைப் பின்பற்றுகிறது.

வழிகாட்டியாக வந்த பெண் நன்றாகவே கதை சொன்னார், குறை சொல்ல முடியாது. ஹோட்டலைக் கட்டியது எப்.ஓ. ஸ்டான்லி. நீராவிக் கார் செய்து பணம் பார்த்த இரட்டைச் சகோதரர்களில் ஒருவர். காசநோயோடு 1903இல் மலையேறி வந்தார், காற்று ஒத்துக்கொண்டது, 1909இல் ஹோட்டலைத் திறந்தார், 1940 வரை உயிரோடு இருந்தார். பேயாக அவர் வருவது பில்லியர்ட்ஸ் அறைக்கும் முகப்புக் கூடத்துக்கும். அவர் மனைவி பிளோரா இசைக்கூடத்தில் பியானோ வாசிக்கிறார். நான்காவது மாடியில் குழந்தைகள் ஓடி விளையாடுகிறார்கள். 407ஆம் அறையில் டன்ரேவன் பிரபு நடமாடுகிறார், பெண்களின் நகைகளில் கைவைக்கிறார் என்று கேள்வி. இந்த டன்ரேவன் அயர்லாந்துப் பெருநிலக்காரர். 1870களில் குறுக்கு வழியில் இந்தப் பள்ளத்தாக்கை வளைத்துப்போட்டுத் தன் வேட்டைக்காடாக்கப் பார்த்தவர். ஹோட்டல் எழும்புவதற்கு வெகுகாலம் முன்பே ஊரைவிட்டுப் போய்விட்டார். தங்கவே தங்காத ஹோட்டலில் அறை எண்ணோடு பேயாக இருக்கிறார். பிரபு என்றால் சும்மாவா?

அப்புறம் 217. இங்கேதான் எனக்கு உறுத்தியது.

1911 ஜூன் 25. ஹோட்டலில் மின்விளக்கு உண்டு, ஆனால் மின்சாரம் போனால் உதவட்டும் என்று அசிட்டிலின் வாயு விளக்கும் பொருத்தியிருந்தார்கள். அன்றைக்கு வாயு எங்கோ கசிந்து இந்த அறையில் நிரம்பிவிட்டது. அறையைக் கவனிக்க வந்த பணிப்பெண் கையில் எரியும் மெழுகுவத்தியோடு கதவைத் திறந்தாள். வெடித்தது. தரை பெயர்ந்து அவள் கீழே சாப்பாட்டுக் கூடத்தில் போய் விழுந்தாள், இரண்டு கணுக்காலும் முறிந்தன, பிழைத்துக்கொண்டாள், குணமானதும் தலைமைப் பணிப்பெண்ணாகிப் பல வருடம் வேலை பார்த்தாள் என்பது ஹோட்டலில் சொல்லப்படும் கதை. எலிசபெத் வில்சன் என்று பெயர் சொல்கிறார்கள். அன்றைய பத்திரிகைகளோ அவள் பெயரைக்கூட ஒரே மாதிரி எழுதவில்லை. ஒன்றில் ஒரு பெயர், இன்னொன்றில் வேறு பெயர். காயமும் பத்திரிகைக்குப் பத்திரிகை மாறுகிறது. முதலாளியின் நுரையீரல் வரலாறு பிசகில்லாமல் இருக்கிறது, பணிப்பெண்ணின் பெயர் குழம்பிக் கிடக்கிறது.

சரி, அவள் பேயாக வந்து என்ன செய்கிறாள்? விருந்தினர் திறந்து போட்டுவிட்டுப் போன பெட்டியிலிருக்கும் துணிகளை மடித்து வைக்கிறாள். செருப்பை வரிசைப்படுத்துகிறாள். விளக்கை அணைக்கிறாள். கல்யாணமாகாத ஜோடி தங்கினால் இருவருக்கும் நடுவே வந்து படுத்துக்கொள்கிறாள், சில்லென்று இருக்குமாம்.

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். படியிறங்கும்போதுதான் கணக்கு மனதில் ஓடியது. முதலாளி பில்லியர்ட்ஸ் ஆடுகிறார். முதலாளியம்மா பியானோ வாசிக்கிறார். பிரபு நகை திருடுகிறார். இவள் மட்டும் துணி மடிக்கிறாள். நூறு வருடத்துக்கு முன்னால் கொடுத்த வேலையிலிருந்து அவளை இன்னும் விடுவிக்கவில்லை. தரை பிளந்து அவளை விழுங்கிய அதே அறையில் டூட்டி போட்டிருக்கிறார்கள்.

கேளிக்கைக்காகச் சொல்லும் கதையில் வர்க்கத்தைத் தேடுவது எதற்கு என்று கேட்பீர்கள். தேடிப் போகவில்லை, காலில் இடறியது. என் அத்தை கொடைக்கானலில் ஒரு லாட்ஜில் இருபத்திரண்டு வருடம் அறை துடைத்தவர். சீசன் நாட்களில் காலை பத்திலிருந்து பன்னிரண்டுக்குள் பதினான்கு அறை. பழைய விரிப்பை நான்கு மூலையிலிருந்தும் நடுவுக்கு இழுத்து, ஒரே சுருட்டாகச் சுருட்டி வாசலில் எறிவார். புதியதை விரித்து ஓரத்தை மெத்தைக்கடியில் செருகும்போது கையைக் கத்தி மாதிரி நேராக வைத்துக்கொள்வார். அந்த வேகத்தில் புறங்கைத் தோல் கட்டில் சட்டத்தில் உரசி உரசி, விரல் கணுக்களில் எப்போதும் ஒரு கறுப்பு இருக்கும்.

அந்த லாட்ஜிலும் ஓர் அறை உண்டு. ஒரு சீசனில் தனியாக வந்து தங்கிய ஆள் மூன்றாம் நாள் கதவைத் திறக்கவில்லை. மற்றதை விவரிக்க வேண்டாம். போலீஸ் வந்து போனதும் நடந்ததைக் கவனியுங்கள். பூசாரியைக் கூப்பிட்டு எலுமிச்சம்பழம் வெட்டிப் போட்டார்கள். கதவில் இருந்த எண் பலகையைக் கழற்றி, அந்த வரிசையில் எல்லா எண்களையும் ஒன்று தள்ளி மாட்டினார்கள். மேலாளர் எல்லோரையும் கூப்பிட்டு, வெளியே மூச்சு விட்டால் வேலை போய்விடும் என்று சொன்னார். அமெரிக்காவில் சாவே நடக்காத அறைக்கு ஆள் முந்துகிறது. இங்கே செத்தவன் இருந்த அறையின் எண்ணையே ஒளித்துவைக்கிறார்கள். ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டு ஊரும் ஒன்று. அந்தக் கதவை முதலில் திறந்து உள்ளே போக வேண்டியவள் அறை துடைப்பவள்தான். பூசாரி வருவதற்கு முன்பே தரையைக் கழுவியது என் அத்தை.

எஸ்டஸ் பார்க் பக்கம் நிஜமான சாவுகள் இல்லாமலில்லை. எஸ்டஸ் பார்க்கிலிருந்து கீழே இறங்கும் பிக் தாம்சன் பள்ளத்தாக்குச் சாலையில் திரும்பினோம். இரண்டு பக்கமும் செங்குத்துப் பாறை, ஓரத்தில் முழங்கால் ஆழத்துக்கு ஓடும் ஆறு. 1976 ஜூலை 31, சனிக்கிழமை மாலை, விடுமுறைக் கூட்டம் நிரம்பியிருந்த நேரத்தில் மேலே ஒரே இடத்தில் மேகம் நின்று சில மணி நேரத்தில் 12 அங்குலம் வரை கொட்டியது. இருட்டில் சுவர் போலத் தண்ணீர் இறங்கி 140 பேருக்கு மேல் அடித்துக்கொண்டு போனது. கிங் நாவலை வெளியிடுவதற்குச் சில மாதம் முன்புதான் இது. இன்றும் வழியில் அறிவிப்புப் பலகைகள் நிற்கின்றன: திடீர் வெள்ளம் வந்தால் மேலே ஏறித் தப்பியுங்கள் என்று. பாறையில் ஏறும் மனிதனின் படத்தோடு. தம்பி மகன் அதைச் செல்பேசியில் படம் எடுத்தான், மலையேற்றப் பயிற்சி விளம்பரம் என்று நினைத்துக்கொண்டு. அவன் மேல் தப்பில்லை. தண்ணீரில் போனவர்களைப் பேயாக்கி டிக்கெட் போட யாரும் துணியவில்லை. சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள், பெயர் பொறித்த நினைவுக்கல் இருக்கிறது. பேயாவதற்குப் பெயர் கலங்கியிருக்க வேண்டும், கேட்க ஆள் இருக்கக் கூடாது.

இவ்வளவும் எழுதிவிட்டு ஒன்றை மறைத்தால் அது நியாயமில்லை. அன்று ஊர்க்கோடியில் ஒரு மலிவான மோட்டலில்தான் தங்கியிருந்தோம், மறுநாள்தான் இறங்கினோம். நள்ளிரவில் ஜன்னலுக்கு வெளியே ஓர் அலறல். கீச்சென்று தொடங்கி, ஊளையாக நீண்டு, கடைசியில் உறுமலாக அடங்கியது. எழுந்து உட்கார்ந்துவிட்டேன். முருகன் பெயர் தானாக வாயில் வந்தது. தம்பி புரண்டு படுத்தபடியே, "எல்க் அண்ணா, பெரிய மான். இது அதற்கு இணை தேடும் பருவம்" என்றான். அந்த உயரத்துக்குப் பழகாதவர்களுக்குத் தூக்கம் துண்டு துண்டாகத்தான் வரும், கனவும் அதிகம். ராத்திரிக் குளிரில் பழைய மரக் கட்டடம் வேறு முனகும். ஸ்டான்லி ஹோட்டல் புல்வெளியிலேயே அந்த மான்கள் மேய்கின்றன. அங்கே 217இல் படுத்திருந்தால் நான் பணிப்பெண்ணைப் பார்த்தேன் என்றே சத்தியம் செய்திருப்பேன்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும், நம்ப மாட்டீர்கள். அதே ஹோட்டலின் பழைய பனிக்கட்டிக் கிடங்கில் இப்போது நார்வேக்காரர் ஒருவரின் உறைந்த உடலைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். 1989இல் இறந்தவர். என்றாவது மருத்துவம் எழுப்பிவிடும் என்று பேரன் உறையவைத்தார். பல வருடம் பக்கத்து ஊர்க் கொட்டகையில் கிடந்து 2023இல் இங்கே குடிவந்தார். அவருக்காக ஊரே திருவிழா எடுக்கிறது. அவரும் ஒரு வேலையும் செய்வதில்லை.

இந்தியா திரும்பியதும் அத்தையிடம் எல்லாக் கதையையும் சொன்னேன். இப்போது வத்தலக்குண்டில் மகள் வீட்டில் இருக்கிறார், முட்டி தேய்ந்து நடை குறைந்துவிட்டது. முதலாளி, பியானோ, பிரபு எல்லாவற்றையும் உம் கொட்டிக் கேட்டார். பணிப்பெண் கதை வந்ததும் கையிலிருந்த வெற்றிலையை மடிக்காமல் நிறுத்தினார்.

"ஏன் சாமி, அது எத்தனையாவது மாடி?"

"இரண்டாவது, அத்தை."

"லிப்ட் உண்டா?"

"இப்போது உண்டு."

"அவளை ஏற விடுவார்களா, விருந்தாளிக்கு மட்டும்தானா?"

எனக்குத் தெரியவில்லை என்றேன். வழிகாட்டியிடம் கேட்டிருக்கலாம், தோன்றவில்லை.